முதலாளி பெருமை பேசிய சிவப்பரிசிச் சோறு

யுத்தத்தில் நாங்கள் அகதி முகாமில் இருந்தபோது, உன்னிச்சையில் எங்கள் வயலை ஒருவர் பிடித்துக்கொண்டார். கல்குடாவில் பழைய மாளிகையொன்றை ஹோட்டலாக்கியவரும் அவர்தான். என்னை அவருக்குத் தெரியாது. அங்கே சமையலுக்குச் சேர்ந்து, தருணம் பார்த்திருந்தேன்.

ஒரு மதியம், கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்குச் சிவப்பரிசிச் சோறும் நண்டுக் கறியும் பரிமாறினேன்.

“உன்னிச்சையில எங்கட பரம்பரை வட்டை வயலில விளைஞ்ச நெல்லு,” என்றார் அவர்களோடு மேசையில் உட்கார்ந்திருந்த முதலாளி.

கரண்டியைக் கீழே வைத்தேன். “இல்ல ஐயா, அது என்ட அப்பாட வயல். நாங்க முகாமில கிடக்கக்குள்ள நீங்க பிடிச்சது.”

குடும்பப் பெரியவர் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

“வெளிய போடி!” என்று முதலாளி கத்தினார்.

வேலை போனது. வயலும் திரும்பவில்லை. ஆனால், அந்த மேசையில் அவர் தனியாக இருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு குளிர்கிறது. அதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை.