பத்தாவது சொல்

“உன்னை ஒரு ஆளாக்கூட எண்ணாதவருக்கு நீ எதுக்குடி இடம் பிடிச்சு வைக்கிற?”

கோபே நகரத்தில் எங்கள் யூத ஆலயத்தின் சனிக்கிழமை விருந்துக்கு வந்திருந்த பள்ளித்தோழி ஹொனோகா கேட்டாள். அம்மா இருந்தவரை அவள் பிடித்து வைப்பாள். அதனால் நானும் வைத்தேன்.

நான் இடம் பிடித்தது எஸ்ரா ஹம்விக்கு. முத்து வியாபாரி; எனக்கு எஸ்ரா மாமா. கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்தும் ஆண்களாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பெண்களையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. சபையில் இரண்டுக்கும் ஆள் உண்டு. சாப்பிடுவது ஒரே மேசையில்.

அதற்கடுத்த மாதம் அம்மாவின் முதல் நினைவுநாள் வந்தது. சனிக்கிழமை, அடைமழை. பத்துப் பேர் கூடினால்தான் இறந்தவருக்கான கதீஷ் பிரார்த்தனையைச் சொல்ல முடியும்.

மனிதரைத் தலை எண்ணுவது எங்களில் வழக்கமில்லை. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேதவரியை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்போம். அன்று அப்படி எண்ணிய எஸ்ரா மாமா ஒன்பதாம் சொல்லில் நின்றுவிட்டார்; ஆண்கள் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள்.

“ஓர்லி இருக்காளே, அவளச் சேத்துக்க வேண்டியதுதானே,” என்று என்னைக் காட்டினார் பொத்தான் வியாபாரி லெவ்.

“சேத்துக்கோ. என்னைக் கழிச்சுக்கோ. மறுபடி ஒன்பதுதான்,” என்றார் எஸ்ரா மாமா.

“உம்ம கணக்கெல்லாம் முத்துக்குத்தான்யா லாயக்கு.”

எஸ்ரா மாமா வெளியேறினார். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள்; மறைச்சட்டப்படி அன்று அவர் குடை விரிக்க மாட்டார். அப்படியே மழையில் இறங்கிப் போனார். அம்மாவுக்கான கதீஷ் சொல்லப்படாமல் நின்றது. அவரை அப்போது வெறுத்தேன்.

அரைமணி கழித்துத் தொப்பலாக நனைந்து திரும்பினார். பின்னால் பிளாஸ்டிக் மழைக்கோட்டில் ஒரு சுற்றுலாப் பயணி.

“மேட்டுத்தெருவுல நின்னான். ‘யூதனா’ன்னு நாலு பேரைக் கேட்டேன், இல்லைன்னாங்க. இவன் ‘ஏன் கேக்குறீங்க?’ன்னான். கேள்விக்குக் கேள்வியே பதிலா வந்தா அவன் நம்ம ஆளுதான், அப்பவே புரிஞ்சுபோச்சு.”

பத்தாம் சொல் விழுந்தது. நான் கதீஷ் சொன்னேன். எல்லோரையும்விட உரக்க ‘ஆமேன்’ சொன்னது எஸ்ரா மாமாதான். அவர் சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விருந்தில், நான் பிடித்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இப்பவும் நான் சொன்னதுதான் சரி.”

“இல்ல மாமா, நான் சொல்றதுதான்.”

“சரி சரி, அந்த மீனை இப்படித் தள்ளு.”

ஹொனோகா, என்னை எண்ணாமலே எனக்காக நனைந்தவர் அவர். அதனால்தான் அந்த நாற்காலி. இதைப் படிப்பவர்களே, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். முடிந்தால் சாப்பாட்டு மேசையில்.