படி வளைவு வரைக்கும்

கார்த்திகைப் புயல் என்றாலே எனக்கு இன்னமும் மூக்கில் சாக்கடை நாற்றம்தான் ஏறும். மழை அழகு, மண்வாசனை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். மேற்கு மாம்பலத்தில் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. எனக்குப் பெண் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் பிறந்த வீடு என்று போக இடமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேதான் வந்தேன். குழந்தை எடை ரொம்பக் குறைவு. ஈரமும் குளிரும் அண்டாமல் வைத்துக்கொள், சளி பிடித்தால் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. புயல் நெருங்குகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாடியில் இருந்த வீட்டுக்காரருக்கு வேறு கவலை. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மறுநாள் வண்டி. "மலையிலயும் பேய் மழையாம் சாமி, பாதையெல்லாம் வழுக்குதாம்" என்று படியில் நின்றபடியே என் கணவரிடம் புலம்பினார். எங்கள் வாசலில் கால் வைக்கவில்லை. பிள்ளை பெற்ற வீடு, தீட்டு.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் ஓட்டையிலிருந்து கறுப்பாகக் கொப்பளித்தது தண்ணீர். தண்ணீரா அது? தெருவே கழித்ததெல்லாம் மிதந்து வந்தது. கூடவே முடிக்கற்றை, கரப்பான்பூச்சி. சமையலறையைத் தாண்டிக் கட்டில் காலைத் தொட்டது. பச்சை உடம்புக்காரி நான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாந்தியை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒரு ராத்திரி மாடியில் இடம் கேட்டு வர என் கணவர் போனார்.

போன வேகத்தில் திரும்பினார். "வீட்டுக்குள்ள வேணாமாம். விரதம் கெட்டுடுமாம். படி வளைவு வரைக்கும் வந்து உக்காரலாமாம். சாமி விஷயம், நாம என்ன சொல்றது?" என்றார். என் கணவரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சாமான்களை மேலே தூக்கி வைக்க அவரைக் கீழே விட்டுவிட்டு நான் ஏறினேன். படி வளைவில் ஏற்கெனவே ஒரு பாய் விரித்திருந்தது. வீட்டுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். அவளுக்குத் தூரமான நாள். அந்த நாட்களில் வடபழனியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு பஸ் ஓடவில்லை. அவள் நகர்ந்து எனக்குப் பாயில் இடம் விட்டாள். கட்டிய பெண்டாட்டியையே புயலில் வெளியே உட்காரவைத்தவன் என்னை எங்கே உள்ளே விடப்போகிறான்!

கம்பி ஜன்னல் வழியாகச் சாரல் முதுகில் அடித்தது. மூடிய கதவுக்குப் பின்னால் மணி அடித்து, சரணம் சொல்லி, சூடம் ஏற்றினார் வீட்டுக்காரர். கீழிருந்து மலநாற்றம், மேலிருந்து சூட வாசனை. குழந்தை அழுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. காலைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது.

"அக்கா, இது அழ மாட்டேங்குது அக்கா" என்றேன்.

அவள் குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தன் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். நேரே ஏறிப்போய்க் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள்.

"ஏய், உள்ள சாமி இருக்கு" என்றார் அவர்.

"சாமி இருக்குன்னுதான் வரேன்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். படுக்கையறையில் கம்பளிக்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, குழந்தை வீறிட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சாமி படத்தை எடுத்துத் துணியில் சுற்றி, குடையை விரித்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருந்த, தனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி வீட்டுக்குப் போய்விட்டார். போக ஓர் இடம் இருந்திருக்கிறது. ஒரே தெரு தள்ளி, உலர்ந்த இடம்.

புயல் கடந்து, அவர் மலைக்கும் போய்த் திரும்பினார். "புயலன்னிக்கு அந்தப் பச்சக் குழந்தைய எங்க வீட்டுலதான் வச்சுக் காப்பாத்தினோம்" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, ஒருநாள் கிண்ணத்தில் அரவணைப் பாயசத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பாப்பா நாக்குல ஒரு சொட்டு தடவும்மா. நல்லா இருக்கும்."

எங்கள் வீட்டில் தீட்டுக் கழிக்கிற புண்யாஹவாசனம் முடிந்து நாளாகியிருந்தது. அவருக்கும் அது தெரியும், மாடிக்கு வெற்றிலை பாக்கு அனுப்பியிருந்தோம்.

"உள்ள வராதீங்க. எங்களுக்குத் தீட்டு இன்னும் போகலை. படி வளைவுல வச்சுட்டுப் போங்க" என்றேன்.

முகம் செத்துப்போய், அப்படியே வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. எறும்பு மொய்த்தது. மூன்றாம் நாள் அக்கா துடைப்பத்தோடு இறங்கி வந்து, பாயசத்தைக் குப்பையில் வழித்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் துடைத்துப் பாய் விரித்து உட்கார்ந்தாள். அவளுக்கு அன்றைக்குத் தூரம். நான் குழந்தையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன்.