அஞ்சலை டீச்சர் சொன்ன அர்த்தம்

போன செவ்வாய்க்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பள்ளியின் பழைய பியூன் எதிரே வந்தார். "சார், கொண்டை டீச்சர் செத்துப் போச்சு, தெரியுமா? மஞ்சக் காமாலையாம்" என்றார். அஞ்சலையா என்று கேட்டேன். "பேரெல்லாம் யாருக்கு சார் ஞாபகம்?" என்று சொல்லிவிட்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு ஓடினார்.

அஞ்சலை டீச்சரைத் தெரிந்த பலருக்கும் இந்தப் பட்டப்பெயர்தான் தெரியும். அது எப்படி வந்தது என்று முழுக்க அறிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், செந்துறைக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நாங்கள் இருவரும் ஆங்கில ஆசிரியர்கள். நான் மூத்தவன். அவர் குன்னம் பக்கம். பெற்றோர் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள். ஆசிரியர் அறையில் அவருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்தோம். அவர் அதைத் தொட்டதில்லை. வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவருவார். வகுப்பில், "இங்கிலீசு ஒண்ணும் சாமி இல்ல, தள்ளி நின்னு கும்புட. கிட்டப் போயித் தொட்டுப் பாருங்க" என்பார்.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்த அன்று அவர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். தலைமையாசிரியரும் நானும் அதிகாரிக்குப் பின்னால் நின்றோம். பாடத்தில் 'கிரெஸ்ட்ஃபாலன்' என்ற சொல். மனம் சோர்ந்த என்று எழுதிப்போட்டுவிட்டு அவர் சொன்னார்: "கிரெஸ்ட்னா கொண்டை. சண்டையில தோத்த சேவல் கொண்டை தொங்கிப்போயி நிக்கும், பாத்திருக்கீங்கல்ல? அதுதான் இது. சும்மா வருத்தத்துக்கெல்லாம் இதப் போடக் கூடாது. நெஞ்ச நிமித்தி நின்னவன் தோத்தாத்தான் போடணும்."

அதிகாரி சிரித்தார். "ஏம்மா, இங்கிலீஷுக்கும் கொண்டைக்கும் என்ன சம்பந்தம்? உன் கொண்டைதான் அவுந்து கெடக்கு, பாரு." வகுப்பே சிரித்தது. அவர் கை தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சீனியர், சொல்லுங்க. இது சரியா?"

எனக்குத் தெரியாது. தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புதாங்க சார்" என்றேன்.

அன்று மதியம் தலைமையாசிரியர் அறையிலிருந்த பெரிய அகராதியைப் புரட்டினேன். சேவலின் தொங்கிய கொண்டையிலிருந்து வந்த சொல் என்றே போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வராந்தாவில் அவர் என்னை நிறுத்தினார். "சார், நீங்க அகராதி பாத்தீங்கன்னாங்க. நான் சொன்னது இருக்கா?"

"இல்ல டீச்சர். வருத்தம்னு மட்டுந்தான் இருக்கு."

"காலேஜ்ல கேட்டது. சரியாக் காதுல வாங்கல போல" என்றார். பிறகு நேராக வகுப்புக்குப் போனார். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு. அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "நேத்து டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன். அந்த வரிய எல்லாரும் அடிச்சிடுங்க."

அந்த வாரமே ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தை அவரிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு. பிள்ளைகள் கரும்பலகையில் சேவல் வரைந்து வைப்பார்கள். அவர் அழித்துவிட்டுப் பாடம் நடத்துவார். ஜெயங்கொண்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பட்டப்பெயர் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பிறகு அவர் ஆங்கிலம் நடத்தவே இல்லை. கேட்டாலும் வேண்டாம் என்றுவிடுவாராம்.

கருமாதிக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் அவருடைய கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பருத்திக்காட்டு வேலை செய்த சொரசொரப்பான கை.

"நீங்கதானா சார்? உங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல. எல்லாரும் சிரிச்சாங்க, அந்த சார் ஒருத்தருதான் தப்ப மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு, இல்லாட்டி காலம்பூராப் புள்ளைவொளுக்குத் தப்பாவே சொல்லிக்குடுத்திருப்பேன், அப்படிம்பா. பெரிய மனுசன் சார் நீங்க."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் யாரோ எனக்கு இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன். அஞ்சலை டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நேர்மையானவன் என்று அவர் வாயால் கிடைத்த பெயர். அதைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.