முகமூடிக்குப் பின்னால் சித்தப்பா

இப்போதைய ஜப்பானிய அனிமேக் கார்ட்டூன்களில் சஸ்பென்ஸ் செத்துவிட்டது என்று சொன்னால் என் மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. பதினான்கு வயதானதிலிருந்து அவள் அறையை விட்டு வெளியே வருவதே என்னோடு சண்டை பிடிக்கத்தான். அவள் சற்று நேரம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அந்தச் சண்டையை நானும் ஆசையாக வளர்த்தேன்.

"தொடக்கப் பாட்டிலயே ஆர் சாகப்போறான் எண்டு காட்டிப்போடுறாங்கள். மிச்சத்தை நீ போனில பாத்திடுவாய்" என்பேன்.

"உங்கட பழசில ஒருத்தன் வாளை உருவ ஒரு எபிசோட் போகும். அது சஸ்பென்ஸ் இல்லை அம்மா, பாறெ லாங்ஸம்" என்பாள். டேனிஷில், வெறும் மந்தமாம்.

அவளுக்கு என்ன தெரியும்? என் சின்ன வயதில் ஒரு முகமூடி வீரனின் அனிமே தொடர் சனிக்கிழமைகளில் ஜெர்மன் சேனலில் வந்தது. நாங்கள் இருந்த டென்மார்க்கின் கோல்டிங்கில் அந்தச் சேனல் நன்றாகவே தெரியும். ஜெர்மன்தான் எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. யார் நல்லவன் என்பதே சஸ்பென்ஸ். அந்த நேரம் எனக்குத் தமிழ் வகுப்பு. அதனால் அப்பா வீடியோவில் பதிந்து வைப்பார்.

ஒருநாள் கடைசிப் பகுதியின் கசெட்டைப் போட்டேன். வீரன் கையை முகமூடிக்குக் கொண்டுபோனான். திரை ஒருமுறை நடுங்கியது. நாதஸ்வரம் முழங்க, என் சித்தப்பா தாலி கட்டினார்.

கனடாவுக்கு அனுப்பக் கலியாண வீடியோவைக் கொப்பி எடுத்த அப்பா, கைக்கு அகப்பட்ட கசெட்டில் எடுத்துவிட்டார். நான் பார்த்த பிறகு அதை அப்படியே தபாலிலும் போட்டார். "வாளோட நிண்ட பெடியன் பொம்பிளை பகுதியோ?" என்று கனடாவிலிருந்து பகிடியாகக் கேட்டார்கள்.

போன மாரியில் மகள் அந்தத் தொடரை இணையத்தில் பிடித்துவிட்டாள். "முடிவைச் சொல்லட்டோ?" என்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். முதலிலிருந்து, சனிக்கு ஒன்று, இருவரும் சேர்ந்து. அதுவரை அவளும் முடிவைப் பார்க்கக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். என்னைத் தோற்கடிக்கும் ஆசையில் சம்மதித்தாள்.

முதலில் கொட்டாவி விட்டாள். பிறகு எனக்கு முன்பே சோபாவில் வந்து குந்தினாள். கடைசிப் பகுதியில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வீரனின் விரல் முகமூடியைத் தொட்டது. நான் நிறுத்தினேன்.

"மிச்சம் அடுத்த சனி."

ரிமோட்டுக்குப் பாய்ந்தாள். அதன்மேல் ஏறி இருந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து இருவரும் நிலத்தில் விழுந்தோம். போன் அவள் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கூட வேலை செய்பவர்களில் யாருக்காவது சுகமில்லையென்றால் சனிக்கிழமையிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறைக்குப் போனவள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அம்மா, அடுத்த சனி ஆர் கூப்பிட்டாலும் வேலைக்குப் போகாதேங்கோ."