கேள்விப்பட்ட நாள்

எங்கள் ஆட்களின் சாமத்தியச் சடங்கில் ஆலத்தித் தட்டை ஒருவர் தனியாகப் பிடிப்பதில்லை. பெரியபிள்ளையான பெண்ணுக்கு முன்னால் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, மூன்று முறை சுற்றுவார்கள். அந்த இருவரும் புருசன் உயிரோடு இருப்பவர்களாக இருக்க வேண்டும். மற்றபடி அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா, பிள்ளையில் அன்பு உள்ளவர்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

அக்காவுக்குச் சடங்கு வைத்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா, அக்கா, நான் மூவரும் ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா பின்னால் வருவதாகச் சொல்லி வன்னியில் நின்றுவிட்டார். மூன்று வருடமாக அவரிடமிருந்து கடிதமும் இல்லை, ஆள்மூலம் செய்தியும் இல்லை. அம்மா பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். குளிர்காலத்தில் இரண்டு பஸ் மாறிப் போய்வருவார். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களோடு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிச் சமாளிப்பார். ஆனாலும் ஆண் இல்லாத வீடு என்பதால், எங்களுக்கான தீர்மானங்களை மில்லிக்கனில் இருந்த பெரியப்பாதான் எடுப்பார். அப்பாவின் தமையன் அவர்.

சடங்குக்கு நாள் வைத்த அன்று, தட்டை அம்மா பிடிக்கலாமா என்ற கேள்வியைக் கிளப்பியவர் பெரியம்மா.

"மூண்டு வருசமா ஒரு செய்தியும் இல்லை. அவ முன்னுக்கு வந்து தட்டைப் பிடிக்கிறது பிள்ளைக்குக் கூடாது" என்றார்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ரை தம்பி செத்ததெண்டு ஆர் உமக்குச் சொன்னது? கேள்விப்படும்வரைக்கும் அவன் இருக்கிறான். அவ பிடிக்கட்டும்."

"பிறகு ஏதும் நடந்தால் என்னைக் கேக்கப்படாது."

"உம்மை ஆர் கேட்டது?"

இவ்வளவும் 'அவ, அவ' என்றே நடந்தது. அந்த அவ அதே அறையில் நின்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழைய காலத்து நாகரிகங்கள் பற்றிப் பாடம் நடந்தது. எகிப்து முடிந்து கிரேக்கத்துக்கு வந்திருந்தோம். அந்த ஊர் வீடுகளில் பெண்களுக்குப் பின்பக்கத்தில் தனி அறை. தகப்பன், புருசன், மகன் என்று எப்போதும் ஒரு ஆண் அவர்களுக்குப் பொறுப்பு. புருசன் செத்தால் பொறுப்பு வேறொரு ஆணுக்குக் கைமாறும். ஆசிரியை இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாங்கள் இந்தக் காலத்தில் பிறந்தது நல்லதா என்று கேட்டார். வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளும் கையை உயர்த்தினோம். பொதுவாக வகுப்பில் கை உயர்த்தாத நானும் உயர்த்தினேன்.

சடங்கு சனிக்கிழமை. புதன்கிழமை பின்னேரம் அம்மா பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். அக்கா சட்டை அளவு பார்க்கப் போயிருந்தார். நான் குசினி வாசலில் நின்று கிரேக்கத்துப் பெண்களின் நிலைமையை விளக்கினேன். அம்மா எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எப்ப நடந்தது உது?"

"ரெண்டாயிரத்தி ஐந்நூறு வருசத்துக்கு முன்னம்."

"அப்ப கன காலம்தான்" என்று சொல்லிப் பணியாரத்தைப் பிரட்டினார்.

அந்த நேரம்தான் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். கொழும்பிலிருந்து ஒரு ஆள். தூரத்திலிருந்து எடுக்கிற எல்லோரையும் போலக் கத்தித்தான் பேசினார்.

"பிள்ளை, வீட்டிலை பெரியாக்கள் ஆரும் நிக்கினமோ?"

"அம்மா நிக்கிறா."

"ஆம்பிளையள்?"

"இல்லை."

"ஒருத்தரும் இல்லையோ? மாமா, சித்தப்பா, ஆரும்?"

இல்லை என்றேன். அவர் சலிப்போடு, "சரி, அப்ப அம்மாவைக் குடும்" என்றார்.

அம்மா மாக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அந்த ஆளின் குரல் வெளியே நன்றாகக் கேட்டது. அப்பாவுக்கு மலேரியாவாம். நாலு மாதத்துக்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டதாம். சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்து இவர் கொழும்புக்கு வந்துசேர இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

"முதல் மில்லிக்கனிலை உங்கடை அத்தான் வீட்டுக்குத்தான் எடுத்தனான், தங்கச்சி. அவர் வேலையாம். மிஸிஸிட்டை விசயத்தைச் சொல்லி, அவர் வந்தவுடனை சொல்லச் சொல்லியிருக்கிறன். இது ஆம்பிளையள் மூலம் உங்களுக்கு வரவேண்டிய செய்தி. என்ன செய்யிறது, எனக்கும் நாளைக்குப் பயணம்."

அம்மா "ஓம்" என்றார். பிறகும் "ஓம்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், கருகிய பணியாரங்களை அள்ளி எறிந்தார். அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் முகத்தைவிட அவருடைய சைக்கிள்தான் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

நீண்ட நேரத்துக்குப் பிறகு அம்மா, "சனிக்கிழமை முடியட்டும். அதுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அக்காவுக்கும்" என்றார்.

"பெரியப்பாவுக்கு?"

"அவருக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லித் தொலைபேசியைப் பார்த்தார்.

பெரியப்பாவுக்குத் தெரிந்தால் சடங்கு நிற்கும். கேள்விப்பட்ட நாளிலிருந்து முப்பத்தொரு நாள் துடக்கு. பிறகு ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் இல்லை. அது முடிந்து எப்போது சடங்கு வைத்தாலும், அம்மா மண்டபத்தின் பின்வரிசையில் இருக்க வேண்டும். அக்காவின் கலியாணத்திலும், என்னுடைய சடங்கிலும், கலியாணத்திலும் அப்படித்தான். பெற்ற பிள்ளைக்கு முன்னால் ஒரு தட்டைப் பிடித்து நிற்க அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான். இதெல்லாம் இப்போது எழுதும்போது எனக்குத் தெரிவது. அப்போது, அக்கா அழுதால் மேக்கப் கரைந்துவிடும் என்பதற்காகத்தான் அம்மா மறைக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

அன்று மில்லிக்கனிலிருந்து தொலைபேசி வரவில்லை. வியாழன் வந்தது, பெரியப்பாதான், வாழைப்பழம் எத்தனை சீப்பு வேண்டும் என்று கேட்டார். வெள்ளி வந்தது, வீடியோக்காரரின் விலாசம் கேட்டார். ஒவ்வொரு முறையும் அம்மா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினார். அடுப்படியில் பணியாரம் மட்டும் குவிந்துகொண்டே போனது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்தி ஏற்றியிருந்தார்கள். அலாரம் அடிக்கப்போகிறது என்று மண்டபத்துக்காரர் பதறிப்போய் மேடையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மணப்பெண்ணைப் போல நின்றார். பெரியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அம்மா மேடைப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். பெரியம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உறவுக்காரப் பெண் ஒருவர் பெரியம்மாவின் காதுக்குக் கிட்டப் போய், ஆனால் எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "அக்கா, எதுக்கும் தாய் தள்ளி நிண்டால் நல்லதெல்லோ? நான் வேணுமெண்டால் பிடிக்கட்டே?"

"உமக்கு அடுத்த தட்டு. இடிக்காமல் நில்லும்" என்றார் பெரியம்மா. பிறகு படிப்பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வந்து பிடியுமன். எனக்குக் கை உளையுது."

அம்மா மேடைக்கு ஏறி மறுபக்கத்தைப் பிடித்தார். தட்டு ஆடியது. முதல் சுற்றில் ஒரு திரி அணைந்தது. "இறுக்கிப் பிடியும்" என்றார் பெரியம்மா. மூன்று முறை சுற்றினார்கள். அக்கா சிரித்தார். வீடியோவில் அம்மாவும் சிரித்தபடிதான் இருக்கிறார்.

திங்கட்கிழமை காலை அம்மா முதலில் அக்காவுக்குச் சொன்னார். பிறகு மில்லிக்கனுக்கு எடுத்தார். அவர்கள் வந்தபோது அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. பெரியப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து, "என்ரை தம்பி, என்ரை தம்பி" என்று குழந்தையைப் போல அழுதார். பெரியம்மா அக்காவை அணைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

அழுது ஓய்ந்த பிறகு பெரியப்பாவுக்குப் பழைய பொறுப்பு திரும்பிவிட்டது. துடக்கு நாள் கணக்கெடுக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம், "எப்ப கேள்விப்பட்டனீர்?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்லுமுன் பெரியம்மா முந்திக்கொண்டார். "இண்டைக்கு விடியத்தான். உதென்ன கேள்வி இந்த நேரத்திலை?"

"மூத்தவன் நான் இருக்க, எனக்கெல்லோ முதல் சொல்லியிருக்க வேணும்?"

"எடுத்துப் பாத்திருப்பினம். நீங்கள் எந்த நேரம் வீட்டிலை நிண்டனியள்?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். திங்களிலிருந்து முப்பத்தொரு நாளை விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். அம்மா எழுந்து தேநீர் போடப் போனார். "நீர் இரும்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா குசினிக்குப் போனார்.

நான் சோபாவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கொழும்பு ஆள் புதன்கிழமையே பெரியம்மாவிடம் விசயத்தைச் சொன்னது எனக்குத் தெரியும். சடங்கு வேலைகளுக்குள் பாவம், அவர் அதைப் பெரியப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இப்போது நான் ஞாபகப்படுத்தினால் பெரியப்பா எல்லோருக்கும் முன்னால் அவரை ஏசுவார். அதனால், பெரியம்மாவைக் காப்பாற்றுவதற்காக, ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.