கெல்வின் டிரெம்பாத் கடைசியில் கிளம்பினார்

குவார்ன் ஊரிலிருந்து வடக்கே, மாட்டுப் பண்ணைகளுக்குள் வண்டி ஓட்டிப் போக நினைப்பவர்கள் முதலில் கெல்வின் டிரெம்பாத் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பாதைகளை யாரும் செப்பனிடுவதில்லை. மழை அறுத்துக்கொண்டு போனால் போனதுதான். எது எங்கே அறுந்து கிடக்கிறது, எந்தக் கேட்டைத் திறக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் கெல்வினுக்கு அத்துப்படி. வந்தவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு உபரி டயர், தேவைக்கு மேல் பாதி டீசல் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பார். பிறகு வாசல்வரை வந்து, "மணல் வந்துச்சுன்னா முதல்ல டயர்ல காத்த இறக்குங்க" என்பார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அதையே சைகையிலும் காட்டிக்கொண்டிருப்பார். ஊரில் அவருக்குக் 'காத்திறக்கி' என்றே பெயர்.

ஒரே ஒரு குறை. அந்தப் பாதைகளில் அவர் போனதே இல்லை.

தெரிந்ததெல்லாம் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதும், பண்ணைக்காரர்களிடம் தொலைபேசியில் கேட்டதும்தான். போகக் கூடாது என்றில்லை. நோலன் கிணறு என்ற பண்ணைக்குப் போய்வர எட்டு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கோப்பு முப்பத்தேழு பக்கமாகிவிட்டது. ஒரு வருடம் வெயில் அதிகம், ஒரு வருடம் மழை அதிகம். இன்னொரு வருடம் இரண்டும் சரியாக இருந்தன, முழங்கால் சரியில்லை. பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டிய அவர் மனைவி கிளெனிஸ், கோப்பில் பக்கம் ஏற ஏறப் பயணம் தள்ளிப்போகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜூலை மாதம் ஒரு காலையில் அவர் முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, நோலன் கிணற்றை நடத்தும் ஜசிந்தா டூலனுக்குத் தானே போன் செய்தாள்.

"எட்டு வருசமா வருசத்துக்கு ரெண்டு தடவ பர்மிஷன் கேட்டு வாங்கிக்கிறாரு. ஒரு தடவகூட வந்ததில்ல. அப்படி ஒரு ஆளே இல்லையோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம்" என்றாள் ஜசிந்தா.

"இருக்காரு. வர்ற செவ்வாய்க்கிழமை கண்ணால பாத்துக்கோ" என்றாள் கிளெனிஸ்.

கெல்வின் நான்கு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். இடையில் புதிதாக இரண்டு பக்கம் எழுதினார். ஆனாலும் திங்கட்கிழமை விடிந்ததும் வண்டியில் ஏறிவிட்டார். நான்தான் ஓட்டுவேன் என்பது அவர் நிபந்தனை. கிளெனிஸ் ஒப்புக்கொண்டாள். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. திறந்திருந்த கேட்டைத் திறந்தே விட்டார்கள், மூடியிருந்ததை மூடிவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் கெல்வின் கோப்பில் ஒரு டிக் போட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு வறண்ட ஆறு குறுக்கிட்டது. நாற்பதடி அகலம், மாவு மாதிரி வெள்ளை மணல். கெல்வின் ஒரு பெருமூச்சு விட்டு, வண்டியை நேராக உள்ளே இறக்கினார். நட்ட நடுவில் அது அச்சுவரை புதைந்தது.

மண்வெட்டியை எடுத்துத் தோண்டினார். கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். கோப்பை எடுத்து இருபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி தோண்டினார். கிளெனிஸ் மடக்கு நாற்காலியைக் கரையில் மர நிழலில் போட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் போயிற்று. அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கெல்வின், ஊர்ல உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க?"

கெல்வின் தோண்டுவதை நிறுத்தினார். மண்வெட்டியைப் பார்த்தார். கல்போல் விறைத்திருந்த நான்கு டயர்களையும் பார்த்தார். காது மடல்வரை சிவந்துவிட்டது.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ஊருக்கே நீதான் சொல்லிட்டு இருந்த. உனக்குச் சொல்ல நான் யாரு?"

அவர் மண்டியிட்டு ஒவ்வொரு டயராகக் காற்றைப் பாதியாக இறக்கினார். வண்டி பூனை மாதிரி மெத்தென்று அக்கரை ஏறியது. அடுத்த கேட்டுக்கு டிக் போட அவர் மறந்துபோனார், கிளெனிஸும் ஞாபகப்படுத்தவில்லை.

நோலன் கிணற்றில் ஜசிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "போன்ல இன்னும் உயரமா இருந்தீங்க" என்றாள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. காலையில் பாதையெல்லாம் சேறு. காய்கிற வரை யாரும் வண்டியை எடுக்கக் கூடாது என்று ஜசிந்தா சொல்லிவிட்டாள்.

நான்கு நாள் பயணம் எட்டு நாளாகியும் முடியவில்லை. அங்கே சிக்கிய முதல் நாள் கெல்வின் ஜன்னலுக்கும் கோப்புக்குமாக நடந்தார். இரண்டாம் நாள், சும்மா இருக்கும் ஆம்பளை தன் வீட்டில் சோறு தின்ன முடியாது என்று ஜசிந்தா அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொடுத்தாள். தொட்டி கழுவினார், தொய்ந்த கேட்டுகளைத் தூக்கி நிறுத்தினார். சேற்றில் சிக்கிய ஒரு கன்றுக்குட்டியை இழுக்கப் போய், கன்று வெளியே வர இவர் உள்ளே விழுந்தார். கிளெனிஸ் சிரித்த சிரிப்பில் நாய்கள் குரைத்தன. கையில் காகிதம் இல்லாமல் அவரை அத்தனை நேரம் அவள் பார்த்ததே இல்லை.

ஐந்தாம் நாள், கிழக்குப் பக்கம் மட்டும் காய்ந்திருக்க, ஜசிந்தா தன் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு கிழக்கு மடுவைக் காட்டப் போனாள். அங்கே பத்தடிப் பள்ளம் இருக்கிறது, மறந்தும் போகாதீர்கள் என்று அவர் எட்டு வருடமாக எல்லோரையும் மிரட்டிவந்த இடம். பள்ளம் முழங்காலளவு இருந்தது.

"இதுதானா?" என்றார் கெல்வின்.

"பத்தடின்னு யார் சொன்னது?"

"அடிலெய்டுக்காரர் ஒருத்தர்."

"அவர் அளந்திருக்க மாட்டாரு. பயந்திருப்பாரு."

கெல்வின் பள்ளத்துக்குள் இறங்கி நின்று பார்த்தார். ஏறி வந்து, மறுபடியும் ஒருமுறை இறங்கினார்.

ஆறாம் நாள் பாதை காய்ந்தது. கிளெனிஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் வேகமாக வந்தார். வடக்கு வேலிக்கு அப்பால் ஒரு பழைய பாதை இருக்கிறதாம், சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாமாம், பதினோரு வருடமாக யாரும் ஓட்டியதில்லையாம் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாமா?"

கிளெனிஸ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "டீசல் எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை.

ஜசிந்தா தன் பீப்பாயிலிருந்து அறுபது லிட்டர் ஊற்றினாள். பதிலுக்கு, அடுத்த முறை வரும்போது கடை ரொட்டி கொண்டுவந்தால் போதும் என்றாள். தண்ணீர் கேன்களைக் கிளெனிஸ் நிரப்பினாள். எந்த வழியாக எப்போது போய்ச் சேருவோம் என்று ஜசிந்தாவிடம் எழுதியும் கொடுத்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் ஏறிக்கொண்டாள். கெல்வின் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டார். வடக்கே முதல் கேட் வந்ததும் குதித்து இறங்கித் திறந்துவிட்டு, வண்டி கடந்துபோகும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.