மாலை விழுந்த குதிரை

வைகாசி மாதம், காலை ஆறேகால் மணி. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளின் நிழலில் இரண்டு குதிரைகள் சேணத்தோடு நின்றன. சுற்று வழியில் தேவகோட்டை வரை மூன்று நாள் சவாரி. சாப்பாடு, தங்கல் உட்பட ஆளுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். கோயம்புத்தூரில் கணினி முன் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன எனக்கு இது பேராசைதான். அழைத்துப் போனவர் ஸ்டெல்லா, தேவகோட்டைக்காரர், ஆசிரியை வேலையை விட்டுவிட்டுக் குதிரை வாங்கியவர். பழுப்புக் குதிரையில் அவர், வெள்ளைக் குதிரையான ராணியில் நான். "வாரைப் பிடிச்சு இழுக்காதீக சார், அவளுக்கு வழி தெரியும்" என்றார்.

எட்டு மணிவரை சொர்க்கம். செம்மண் தடம், முந்திரித் தோப்பு, வற்றிய கண்மாய்க்குள் மேயும் ஆடுகள். என் தொடைகள் மட்டும் நரகத்தில் இருந்தன.

எட்டரைக்கு ஒரு சிற்றூர். அன்று அங்கே புரவி எடுப்பு. வேண்டிக்கொண்டு செய்த மண் குதிரைகளை ஊரே சுமந்துபோய் அய்யனார் கோயிலில் வைக்கும் திருவிழா. கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. தன் குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஸ்டெல்லா போயிருந்தார். நான் இறங்கி, ராணியைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் சாமந்தி மாலையோடு வந்து, "போடலாமா?" என்றார். விடுதிகளில் விருந்தாளிக்குப் போடுவார்களே, அதுபோல என்று நினைத்து, "தாராளமாப் போடுங்க" என்றேன். மாலை ராணியின் கழுத்தில் விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் பல்லை இளித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தேன்.

மறுபடி ஏறக் காலைத் தூக்கியதும் நாலு பேர் என் இடுப்பைப் பிடித்துவிட்டார்கள்.

"என்ன செய்யுறீக? அய்யனாருக்கு விட்ட குதிரை. இனி மனுசர் ஏறக் கூடாது!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் காளையைப் போல ராணி இனிமேல் சாமியுடையவள். கொடுத்தவன் நான்! அது என் குதிரையே இல்லை என்று உளறினேன்.

"புரவி எடுப்பன்னைக்கு வெள்ளைக் குதிரையோட வாசல்ல வந்து நின்னீக. நேர்த்திக்கடன்னு நெனச்சோம். கேட்டதுக்கும் சரின்னீக" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஸ்டெல்லா ஓடி வந்தார். மாலையைப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, நான் வேதக்காரி, இந்த முறையெல்லாம் தெரியாது. இவ இல்லாட்டி எனக்குப் பொழப்பே இல்லய்யா" என்றார்.

"சாமிக்கு எல்லாரும் ஒண்ணுதான் தாயி. கொடுத்ததை எப்படித் திருப்புறது?" என்று பெரியவரும் தவித்தார்.

வழி சொன்னவர் வேளார். அந்த ஊரில் மண் குதிரை செய்பவரும் பூசாரியும் அவரே. "உசுருக்குப் பதிலா மண்ணு வைக்கிறதுதானய்யா நம்ம வழக்கம். என் வீட்டுல சின்னக் குதிரை ஒண்ணு கூடுதலாச் சுட்டது கெடக்கு. சரின்னு சொன்னவரே சொமந்து வரட்டும்."

வேளார் வீட்டிலிருந்து கோயில்வரை ஒரு கிலோமீட்டர் தூரம், வெறுங்கால், தலைமேல் அந்தச் 'சின்ன'க் குதிரை. கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. குதிரையேற வந்தவன்மேல் குதிரை ஏறிக்கொண்டதைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் இடறினால் உடைவது மண் மட்டுமில்லை, ஸ்டெல்லாவின் பிழைப்பும்தான்.

இறக்கி வைத்து நிமிர்ந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தேன். கால் போனதும் காது போனதுமாகப் பழைய மண் குதிரைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் யாரோ சாமியிடமிருந்து எதையோ மீட்டுக்கொண்டு போனதன் அடையாளம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு பிள்ளையாக இருக்கலாம், ஒரு கண்ணாக இருக்கலாம்.

வேளார் மாலையைக் கழற்றி மண் குதிரைக்குப் போட்டார். ஸ்டெல்லா ராணியின் கழுத்தில் முகம் புதைத்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க சார், வெயில் ஏறுது" என்றார்.

கோயம்புத்தூரில் கார் சாவியை எடுக்கும்போது நான் யாரையும் கேட்டதில்லை. அன்று பெரியவரைப் பார்த்தேன், வேளாரைப் பார்த்தேன், ஸ்டெல்லாவைப் பார்த்தேன். கடைசியாக அய்யனாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.